பழையதற்கு யார் விலை சொல்வது

பாத்திரம் பண்டங்களை விற்றுச் சாப்பிடும் நிலைக்கு வந்துவிட்டார்கள் என்று ஒரு குடும்பத்தைப் பற்றிச் சொல்லிவிட்டால் அதற்குமேல் விளக்கம் தேவையிருக்கவில்லை. நிலம் விற்பதில் இந்த இழுக்கு கிடையாது. பெண் கல்யாணத்துக்கு விற்றேன், பையன் படிப்புக்கு விற்றேன் என்று திண்ணையில் உட்கார்ந்து சொல்லலாம். மாடு விற்பது வியாபாரம். அண்டாவும் குத்துவிளக்கும் வாசல்படி தாண்டினால்தான் ஊர் பேசும். இன்று அதே அண்டாவைக் கூடத்துத் தரையில் வைத்து, கைபேசியில் நான்கு படம் பிடித்து, பக்கத்தில் விலையும் எழுதி, ஊர் முழுக்கப் பார்க்கும்படி இணையத்தில் போட்டுவிட்டுக் காபி குடிக்கப் போகிறோம். இரண்டுக்கும் நடுவே என்ன நடந்தது என்று சில வருஷங்களாக யோசித்து வந்திருக்கிறேன். கூச்சம் விட்டுப்போயிற்று என்று சொல்லி முடித்துவிடலாம்தான். எனக்கு அது போதவில்லை. விற்பது எல்லாக் காலத்திலும் இருந்தது. விலையை யார் வாய்விட்டுச் சொன்னார்கள் என்ற கேள்வியில்தான் சரித்திரம் இருப்பதாக நினைக்கிறேன்.

நம் குடும்பங்கள் பழைய பொருளுக்குத் தாங்களாக விலை சொன்னதில்லை. சொல்லாமலிருப்பதற்கு எத்தனையோ ஏற்பாடுகள் இருந்தன. பித்தளையும் செம்பும் பாத்திரக்கடைக்குப் போகும். பழசைப் போட்டுப் புதுசு எடுப்பது என்று அதற்குப் பெயர். விற்பது என்ற சொல்லே வராது. தராசில் ஏற்றி, அழுக்கு ஈயம் என்று எதையாவது கழித்து, எடைக்கு இவ்வளவு என்று கடைக்காரர் சொல்வார். நாம் கேட்டுக்கொள்வோம். பெயர் வெட்டாமல் பாத்திரம் வைத்துக்கொள்ள நமக்குத் தெரியாது. யார் கல்யாணத்துக்கு யார் கொடுத்தது, சமயத்தில் தேதிகூட, புள்ளி புள்ளியாக விளிம்பில் இருக்கும். அந்தப் பெயருக்குத் தராசில் எடை இல்லை. எடைக்குப் போடுவதில் இருந்த பெரிய சௌகரியம் அதுதான் என்று தோன்றுகிறது. குடம் உருகப் போகிறது, பெயரும் அதோடு உருகிவிடும். விற்றவள் யார் என்று இன்னொரு வீட்டு அடுக்களையிலிருந்து யாரும் படித்துச் சொல்ல முடியாது.

எவர்சில்வர் வந்த பிறகு, பழைய துணிக்குப் பாத்திரம் கொடுக்கிற பெண்கள் தெருவில் வர ஆரம்பித்தார்கள். மத்தியான நேரம், ஆண்கள் இல்லாத வேளை. மூட்டையை அவிழ்த்து, புடவையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, நமக்கே தெரியாத கிழிசலைக் கண்டுபிடித்துவிடுவாள். இரண்டு பாண்ட், ஒரு புடவைக்கு ஒரு டவரா என்பாள். அடுக்கு கொடு என்று வீட்டுக்காரி கேட்பாள். இன்னொரு சட்டையைப் போடு என்று பதில் வரும். அரை மணி நடக்கும் இந்த விவகாரத்தில் ஒரு தடவைகூட ரூபாய் என்ற பேச்சு எழாது. பேரம் முழுக்கப் பாத்திரத்தின் அளவைப் பற்றியது. பொருளாதாரப் புத்தகங்கள் பண்டமாற்றைப் பணம் வருவதற்கு முந்தைய கட்டமாக வைக்கின்றன. இங்கே பணம் புழங்கி எத்தனையோ காலத்துக்குப் பிறகு, பணத்தைப் பேச்சிலிருந்து ஒதுக்கி வைப்பதற்காகவே பண்டமாற்றுக்குத் திரும்பியிருக்கிறார்கள். இன்று தீபாவளிக்குத் தீபாவளி பழைய மிக்ஸியைக் கொடுத்து அதற்கு இவ்வளவு கழிவு என்று புது மிக்ஸி வாங்குகிறோமே, எக்ஸ்சேஞ்ச் ஆஃபர், அது அந்தப் பாத்திரக்காரியின் வம்சம். அங்கேயும் பழையதற்கு விலை கிடையாது, புதியதன் விலையில் ஒரு சலுகைதான்.

மாட்டுச் சந்தையில் இதைவிட அழகான முறை இருந்தது. துண்டுக்கு அடியில் கைகள்; விரலைப் பிடித்து விலை. நான்கு பேர் சுற்றி நின்றாலும் தரகருக்கும் எதிராளிக்கும் மட்டும்தான் எண் தெரியும். மாடு எல்லார் கண்ணுக்கும் தெரியும், விலை யாருக்கும் தெரியாது.

விலையைக் கூவிச் சொல்வது வெளியிலிருந்து வந்த பழக்கம். ஏலம் என்ற சொல்லே போர்த்துக்கீசிய மொழியின் லெய்லாவ் என்பதிலிருந்து வந்தது. ஹிந்தியின் நீலாமும் அதே சொல்தான். கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகஸ்தன் ஒருவன் இங்கே காய்ச்சலில் செத்துப்போனால் அவன் கட்டில், நாற்காலி, சட்டை, மது பாட்டில் எல்லாவற்றுக்கும் பட்டியல் போட்டு ஏலம் விட்டு, பணத்தை வாரிசுகளுக்கு அனுப்புவார்கள். அவுட்க்ரை என்று அந்தக் கால ஆங்கிலோ-இந்திய வழக்கு. செத்தவனின் சகாக்களே எடுத்துக்கொள்வார்கள். கப்பல் வர மாதக் கணக்காகும் ஊரில் ஒரு நல்ல தொப்பி இரண்டு மூன்று எஜமானர்களைப் பார்த்திருக்கும். 1785இல் சென்னையின் முதல் பத்திரிகையாக மெட்ராஸ் கூரியர் தொடங்கிய பிறகு இப்படிப்பட்ட அறிவிப்புகளுக்கு அச்சும் கிடைத்தது. ஊர் மாற்றலாகிப் போகும் துரை வீட்டுச் சாமான் ஏலம் என்பது 1947 வரையில் சென்னையில் சகஜமான காட்சி. அவர்களுக்கு இதில் கூச்சம் இருந்ததாகத் தெரியவில்லை. போகிறவன் நொடித்துப் போகவில்லை, ஊருக்குத்தான் போகிறான். அதோடு அவன் விலை சொல்வதுமில்லை. சுத்தியல் வைத்திருப்பவன் கேட்கிறான், கூட்டம் சொல்கிறது.

சென்னையில் ஏலக் கம்பெனிகள் இருந்தன. அவற்றில் மர்ரே கம்பெனி என்ற பெயர் இலக்கியம் படிக்கிறவர்களுக்கு வேறு விதத்தில் பரிச்சயம். அதை நடத்திய எஸ். ராஜம்தான் 1950களில் சங்க நூல்களையும் கம்பராமாயணத்தையும் சந்தி பிரித்து மலிவுப் பதிப்புகளாகக் கொண்டுவந்தவர். பிறர் வீட்டு மேஜை நாற்காலிகளை ஏலம் விட்ட ஸ்தாபனத்தின் பெயர் நம் பழைய இலக்கியத்தின் மீது அச்சாகியிருப்பதை யாராவது விரிவாக எழுத வேண்டும். எனக்கு அதில் ஒரு பொருத்தம் தெரிகிறது. பண்டிதர்கள் வீட்டில் முடங்கிக் கிடந்ததற்குப் பொதுவில் விலை வைத்தார் அவர். கூவிச் சொல்லும்படியான, யாரும் கொடுக்கக்கூடிய விலை.

மூர் மார்க்கெட்டைப் பற்றி நம் வார இதழ்கள் போதுமான அளவுக்குப் பெருமூச்சு விட்டாயிற்று. 1900இல் திறந்து 1985 மே 30இல் எரிந்துபோனது. இன்று அந்த இடத்தில் புறநகர் ரயில் நிலையம் இருக்கிறது. எனக்கு வேண்டியது பெருமூச்சு அல்ல, அங்கே நடந்த காரியம். காயலான் கடைக்காரன் வீட்டு வாசலில் எடைக்கும் குத்துமதிப்புக்கும் எடுத்த பொருள்கள் அங்கே வந்து சேர்ந்து திரும்பவும் பொருள்களாயின. இரும்பாகப் போன விசிறி விசிறியாகிவிடும், பேப்பராகப் போனது புத்தகமாகிவிடும். நடுவில் அதன் சொந்தக்காரன் மறைந்துவிடுவான். அந்த மறைவுக்கும் சேர்த்துத்தான் நாம் காயலான் கடைக்காரனுக்குக் கூலி கொடுத்தோம், குறைந்த விலையை ஏற்றுக்கொண்டதன் மூலம். இருபது ரூபாய்க்கு எடுத்ததை இருநூறுக்கு விற்கிறான் என்று அவனைத் திட்டுவது நம் வழக்கம். நம் பெயரை அழித்துக் கொடுக்கிற வேலைக்கு என்ன விலை என்று நாம் கணக்குப் போட்டதில்லை.

மூர் மார்க்கெட் போகிறவனுக்குப் பெரியவர்கள் சொல்லி அனுப்பும் புத்தி, சொன்னதில் பாதிக்குப் பாதி கேள் என்பது. வாங்கத் தெரிந்தவன், தெரியாதவன் என்று ஜனங்கள் இரண்டு வகையாகப் பிரிந்திருந்த இடம் அது. க்ளிஃபோர்ட் கீர்ட்ஸ் என்ற மானுடவியல்காரர் மொராக்கோவின் ஸெஃப்ரூ ஊர்ச் சந்தையைப் பார்த்துவிட்டு 1978இல் ஒரு கட்டுரை எழுதினார். சந்தையில் சரக்கைவிடப் பற்றாக்குறையாக இருப்பது தகவல்தான், பேரம் பேசுவது தகவலைத் தேடும் வழி என்பது அவர் வாதத்தின் சாரம். அதற்கு எட்டு வருஷம் முன்பே, 1970இல், ஜார்ஜ் அகர்லாஃப் என்ற அமெரிக்கப் பொருளாதாரக்காரர் பழைய கார்களை வைத்து ஒரு சிறிய கட்டுரை எழுதியிருந்தார். மூன்று பத்திரிகைகள் திருப்பி அனுப்பி, நான்காவது பிரசுரித்தது. 2001இல் அதற்காக நோபல் பரிசு. திரும்பி வந்த கையெழுத்துப் பிரதிகளை அடுக்கி வைத்திருக்கும் நண்பர்கள் குறித்துக்கொள்ளலாம். அவர் சொன்னது இது. பழைய காரின் கோளாறு விற்பவனுக்குத் தெரியும், வாங்குகிறவனுக்குத் தெரியாது. ஆகவே வாங்குகிறவன் எல்லாக் காரையும் சந்தேகித்து விலையைக் குறைக்கிறான். அந்த விலைக்கு நல்ல கார் வைத்திருப்பவன் விற்க மாட்டான், விலகிவிடுவான். மோசமான கார்கள்தான் சந்தையில் மிஞ்சும். அகர்லாஃப் 1960களின் கடைசியில் ஒரு வருஷம் இந்தியாவில் இருந்தவர். அந்தக் கட்டுரையிலேயே, கடைக்காரன் வேண்டுமென்று கலந்த கல்லை அரிசியிலிருந்து பொறுக்கிக்கொண்டிருக்கும் இந்தியக் குடும்பப் பெண் ஒரு வாக்கியத்தில் வந்து போகிறாள். முறமும் கையுமாக நம் வீட்டில் தினம் உட்கார்ந்திருந்தவள் பொருளாதாரச் சித்தாந்தத்துக்குள் நுழைந்த விதம் அது.

இந்தப் பின்னணியில்தான் 1995 செப்டம்பரில் கலிஃபோர்னியாவில் நடந்ததைப் பார்க்க வேண்டும். பியர் ஒமித்யார் என்ற கம்ப்யூட்டர்காரர் ஒரு விடுமுறை வாரக் கடைசியில் ஆக்ஷன்வெப் என்ற ஏலப் பக்கத்தைத் தொடங்கினார். பிற்பாடு ஈபே என்று பெயர் பெற்றது இதுதான். முதலில் விற்றது அவருடைய உடைந்துபோன லேசர் விளக்கு, 14.83 டாலருக்கு. உடைந்தது என்று தெரிந்துதான் வாங்குகிறீர்களா என்று கேட்டதற்கு, உடைந்த லேசர் விளக்குகளைச் சேகரிக்கிறேன் என்று வாங்கியவர் பதில் சொன்னாராம். பத்திரிகைகளுக்கு இந்தக் கதை ருசிக்கவில்லை. ஆகவே வருங்கால மனைவி மிட்டாய் டப்பிகள் சேகரிப்பதற்காக ஒமித்யார் இதை உண்டாக்கினார் என்று கம்பெனியின் விளம்பர உத்தியோகஸ்தர் ஒரு கதையை ஜோடித்துக் கொடுத்தார். அது பல வருஷம் உலகம் சுற்றியது. ஆதம் கோஹன் 2002இல் எழுதிய புத்தகத்தில்தான் அது கட்டுக்கதை என்று வெளிவந்தது. உடைந்த பொருளுக்கு ஒருவன் விலை கொடுத்தான் என்ற நிஜத்தைவிட இந்தப் பொய்யை எல்லோருக்கும் பிடித்திருந்தது.

முன்பின் தெரியாத இரண்டு பேரை நம்ப வைப்பதற்கு ஒமித்யார் 1996இல் கண்ட வழி, ஒருவரைப் பற்றி ஒருவர் அபிப்பிராயம் எழுதி வைப்பது. அகர்லாஃப் சொன்ன சிக்கலுக்கு இது ஒரு விதமான பதில். பொருளைப் பற்றித் தெரியாவிட்டால் போகிறது, ஆளைப் பற்றித் தெரிந்துகொள். நம் மூர் மார்க்கெட் அழித்துக்கொடுத்த பெயர் இங்கே திரும்பவும் பொருளோடு ஒட்டிக்கொள்கிறது. ஏலமுறை ஆனால் நிலைக்கவில்லை. 2000இல் இப்போதே வாங்கு என்ற பொத்தான் வந்தது. ஏழு நாள் காத்திருந்து கடைசி நிமிஷத்தில் பதைப்பதற்கு ஆட்கள் அலுத்துப்போனார்கள். அடுத்த பத்து வருஷத்துக்குள் அங்கேயே ஏலம் பின்தங்கி, எழுதி வைத்த விலை முன்னுக்கு வந்துவிட்டது. கூட்டம் சொல்லிவந்த விலையை மறுபடியும் விற்பவனே சொல்ல வேண்டியதாயிற்று.

இந்தியாவில் 2000இல் பாஸீ டாட் காம் என்று ஏலப் பக்கம் தொடங்கியது, 2004இல் ஈபே அதை வாங்கியது, 2018இல் ஈபேயின் இந்தியப் பக்கம் மூடப்பட்டது. வீட்டுச் சாமான் விஷயத்தில் இங்கே ஊன்றியது வேறு வகை. ஓ.எல்.எக்ஸ். (தொடங்கியது 2006), குயிக்கர் (2008) போன்றவை, பத்திரிகையின் வரி விளம்பரம் படத்தோடு வந்த மாதிரி. ஏலமில்லை, அனுப்பி வைப்பதில்லை. வாங்குகிறவன் வந்து, தட்டிப் பார்த்து, குனிந்து அடியில் பார்த்து, தூக்கிக்கொண்டு போக வேண்டும். பீரோவைத் தபாலில் அனுப்ப முடியாது என்ற காரணம் மட்டுமல்ல. தொட்டுப் பார்க்காமல் பழையதை வாங்குவதற்கு நம்மவர்கள் தயாராக இல்லை. 2010களில் தொலைக்காட்சியில் திரும்பத் திரும்ப வந்த பேச் தே, அதாவது விற்றுவிடு, என்ற ஹிந்தி விளம்பரத்தைப் பலர் நினைவு வைத்திருப்பார்கள். எனக்கு அதில் சுவாரஸ்யமாகப்பட்டது அதன் ஏவல் தொனி. இரண்டே சொல். எத்தனையோ தலைமுறையின் கூச்சத்தை மிரட்டி விரட்ட வேண்டியிருந்தது போலும்.

விரட்டியதும் பாக்கி நின்றது எண். அதை எழுதாமல் விளம்பரம் மேலே நகராது. சென்ற சில வருஷங்களில் உறவில் இரண்டு வீடுகளைக் காலி செய்து கொடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. தேக்கு ஈஸிசேர், கால் மிதித் தையல் மெஷின், கிரைண்டர், மர அலமாரி, பித்தளைச் சாமான்கள். புது கிரைண்டர் என்ன விலை என்று தெரியும், அதில் பாதிக்குக் கொஞ்சம் கீழே போட்டால் போய்விடும். பத்து நிமிஷத்தில் ஐந்து போன் வந்தால் விலை குறைவு, ஒரு வாரம் யாரும் கேட்கவில்லையென்றால் அதிகம். கேட்பவர்கள் எல்லோருக்கும் முதல் வாக்கியம் ஒன்றுதான்: லாஸ்ட் ப்ரைஸ் என்ன சார்? பொருளைப் பார்க்குமுன் கடைசி விலை. பாதிக்குப் பாதியெல்லாம் மலையேறிவிட்டது; இறக்குவதற்கென்று பத்து சதவீதத்தை ஏற்றி வைத்துக்கொண்டால் இரண்டு பேருக்கும் மரியாதை நிற்கிறது. இதெல்லாம் ஒரு மாதத்தில் கற்றுக்கொள்ளக் கூடியவை.

ஈஸிசேரில்தான் தகராறு. புதிதாக அப்படி ஒன்று கிடைப்பதில்லை, ஆகவே ஒப்பிட ஒன்றுமில்லை. அப்பா உட்கார்ந்த சேர், எட்டாயிரத்துக்குக் குறையக் கூடாது என்றார் ஒரு மகன். இந்தச் சாக்குத் துணிக்கு ஐந்நூறு யார் கொடுப்பார்கள் என்றாள் மகள். அவள்தான் பத்து வருஷம் அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று கஞ்சி கொடுத்தவள். டேனியல் கானமன், ஜாக் நெட்ஷ், ரிச்சர்ட் தேலர் மூவரும் 1990இல் வெளியிட்ட ஒரு பரிசோதனையில், சிலருக்குக் காபிக் கோப்பைகளைக் கொடுத்துவிட்டு விற்கச் சொன்னார்கள். கோப்பை கிடைக்காதவர்கள் கொடுக்கத் தயாராக இருந்ததைப் போல இரண்டு மடங்குக்கு மேல் கிடைத்தவர்கள் கேட்டார்கள். கோப்பை அவர்கள் கைக்கு வந்து சில நிமிஷங்கள்தான் ஆகியிருந்தது. முப்பது வருஷம் உட்கார்ந்த நாற்காலிக்கு என்ன கணக்கு? ஆனால் அந்தப் பரிசோதனையில் மகள் இல்லை. அவளுக்கும் அது சொந்தப் பொருள்தான், அவள் சொன்ன விலை பாதிக்கும் கீழே. சொந்தம் என்பது எப்போதும் விலையை ஏற்றும் என்று ஏன் முடிவு செய்ய வேண்டும்? வீட்டுக்குள் யார் எந்தப் பொருளோடு எப்படி வாழ்ந்தார்கள் என்பது, ஒரு எண் எழுதச் சொன்னவுடன் வெளியே வந்துவிடுகிறது. எடைக்குப் போட்ட காலத்தில் அண்ணனும் தங்கையும் இதைப் பேசியிருக்கவே மாட்டார்கள். கடைக்காரர் சொன்னார், முடிந்தது. கடைசியில் நாற்காலி 2,800க்குப் போனது. மகன் அந்தப் பக்கம் வரவில்லை.

சந்தேகத்தின் திசையும் மாறியிருக்கிறது. பழைய காலத்தில் விற்பவனைத்தான் சந்தேகித்தார்கள். இப்போது ராணுவத்தில் இருப்பதாகச் சொல்லி ஒருவன் பேசுவான், அடையாள அட்டைப் படம் அனுப்புவான், பேரமே பேசாமல் ஒப்புக்கொள்வான், பணம் அனுப்ப இந்தக் குறியை ஸ்கேன் செய்யுங்கள் என்பான். ஸ்கேன் செய்து ரகசிய எண்ணைப் போட்டால் நம் பணம் போய்விடும். பணம் பெறுவதற்கு இரண்டுமே தேவையில்லை. பேரம் பேசாதவனை நம்பாதே என்று எந்தச் சந்தைக்காரரும் சொல்லிக்கொடுத்திருப்பார். பேரம், நீங்கள் நிஜமாக வாங்க வந்த ஆள் என்பதற்கு அத்தாட்சி.

பித்தளை அண்டாவுக்கு வருவோம். எடைக்கு என்ன கிடைக்கும் என்று விசாரித்துக்கொண்டு அதற்கு மேல் ஆயிரம் வைத்துப் போட்டேன். படம் எடுக்கும்போது பெயர் வெட்டியிருந்த பக்கத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தேன். யாரும் சொல்லாமல் கை தானாகச் செய்த காரியம் அது. பழைய வீட்டுப் பாணியில் ஓட்டல் அமைக்கிற ஒரு இளைஞர் கூப்பிட்டார். பெயர் இருக்கிறதா சார் என்றார். இருந்தால் அந்தப் பக்கத்தை ஒரு படம் அனுப்புங்கள், வருஷம் இருந்தால் இன்னும் நல்லது, மேலே ஐந்நூறு தருகிறேன். அனுப்பினேன். யாருடைய பெயர் என்று அவர் கேட்கவில்லை. பெயர் வேண்டும், ஆள் வேண்டாம். இப்போது அது கிழக்குக் கடற்கரைச் சாலையில் எங்கோ வாசலில், தண்ணீரும் பூவுமாக, பெயர் வெளிப்பக்கம் தெரிய இருக்கிறது.

கம்பெனி உத்தியோகஸ்தர்கள் செத்தபின் விற்ற சாமான்களின் பட்டியல்கள் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில், 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து கிடைக்கின்றன. என்ன பொருள், யார் எடுத்தது, என்ன விலை என்று வரிசையாக. ஒருவனுடைய உள்ளாடையின் விலைகூடத் தெரிந்துகொள்ளலாம். மூர் மார்க்கெட்டுக்கு அப்படி எதுவும் இல்லை. அங்கே ரசீது கொடுத்ததாக யாரும் சொல்லக் கேட்டதில்லை. பாத்திரக்காரிக்குக் கணக்கு அவள் தலையில் இருந்தது. அண்டா விற்ற அன்று இரவு, விற்றுவிட்டது என்ற பொத்தானை அழுத்தினேன். நான்கு படங்கள், கனம் சுற்றளவு பற்றி நான் எழுதிய ஐந்து வரிகள், பார்த்தவர்கள் எண்ணிக்கை, நான் வைத்த விலை எல்லாம் சேர்ந்து பட்டியலிலிருந்து மறைந்தன. ஐந்நூறு கூடக் கிடைத்தது எதற்காக என்பது எந்த இடத்திலும் எழுதப்பட்டிருக்கவில்லை.